கேனரி எண் எங்கிருந்து வருகிறது? ஹட்டனிலிருந்து கேள்வி பதில்

தலவாக்கலை மாணவி: அண்ணா, ஸ்டாக் கேனரி என்றால் என்ன? அதை யார் போடுகிறார்கள்?

ஃபங்ஷன் தொடங்கும்போது, முடிந்தபின் எங்கே திரும்புவது என்று சொல்லும் ரிட்டர்ன் முகவரிக்கு முன்னால், ஸ்டாக் என்ற மெமரிப் பகுதியில், கம்பைலர் சேர்க்கும் கோட் ஒரு ரகசிய எண்ணை வைக்கும், தங்கச்சி. அதுதான் கேனரி. முடியும்போது அந்த எண் மாறியிருந்தால் பஃபரை, அதாவது தரவுக்கு ஒதுக்கிய இடத்தை, தாண்டி ஏதோ எழுதப்பட்டிருக்கிறது. புரோகிராம் அங்கேயே நிறுத்தப்படும். லினக்ஸில் அதன் மையப் பகுதியான கர்னல் புரோகிராமை ஏற்றும்போதே 16 பைட் ரேண்டம் தரவை மெமரியில் வைத்து, ஏடி_ரேண்டம் என்ற பெயரில் அதன் முகவரியைக் கொடுத்துவிடுகிறது. லினக்ஸில் வழக்கமாக இருக்கும் சி லைப்ரரியான ஜிலிப்சி, 64 பிட்டில், முதல் 8 பைட்டைக் கேனரிக்கும், அடுத்த 8 பைட்டைப் பாயின்டர்களை (மெமரி முகவரிகளை) மறைக்கவும் எடுத்துக்கொள்கிறது. கேனரியில் ஒரு பைட்டைப் பூச்சியமாக்கும். ஸ்ட்ரிங் காப்பி பூச்சியத்தைக் கண்டால் நின்றுவிடும் அல்லவா, அதற்காக. மிச்சம் 56 பிட்தான் ரகசியம்.

மஸ்கெலியா: சொந்தமாக ஒரு சி லைப்ரரி எழுதுகிறேன். மெயினுக்குப் போகும் முன்பே 'ஸ்டாக் ஸ்மாஷிங் டிடெக்டட்' என்று நின்றுவிடுகிறது.

கேனரியை முதலில் எழுதும் ஃபங்ஷனுக்கே கேனரிக் காவல் போட்டிருப்பீர்கள். உள்ளே வரும்போது பழைய எண், வெளியே போகும்போது புதிய எண். அந்த ஃபைலுக்கு மட்டும் ஸ்டாக் புரொடெக்டரை, அதாவது கம்பைலர் போடும் இந்தக் காவலை, நிறுத்துங்கள். முழு லைப்ரரிக்கும் நிறுத்தாதீர்கள்!

பதுளை: கேனரிக்கு நேரத்தையும் பிராசஸ் எண்ணையும் (ஓடும் புரோகிராமின் அடையாள எண்) கலந்தால் போதாதா?

போதாது. கொழுந்து வாட்டும் மாடியில் ஈரப்பதம் பார்க்க ஒரு சின்னப் போர்டு வைக்கிறோம் என்று வையுங்கள். அதில் பேட்டரிக் கடிகாரம் இல்லை. மழைக்குக் கரன்ட் போய்த் திரும்பினால் கடிகாரம் மறுபடி அதே இடத்திலிருந்து ஓடும், பிராசஸ் எண்ணும் கிட்டத்தட்ட அதேதான். டெபியன் லினக்ஸில் 2006 முதல் 2008 வரை, ரகசியச் சாவிகளை உருவாக்கும் ஓபன்எஸ்எஸ்எல் லைப்ரரி பிராசஸ் எண்ணை மட்டும் நம்பி நின்றது. சாவி எத்தனை வகை வரும்? ஒரு கணினி வகைக்கும் ஒரு அளவுக்கும் சுமார் 32,768.

பதுளை மறுபடி: விண்டோஸில் விசுவல் சி கம்பைலர் அப்படித்தானே செய்கிறது?

செய்கிறது. நேரம், த்ரெட் எண், பிராசஸ் எண், நுண்ணிய கவுண்டர் எல்லாம் சேர்கிறது. ஆனால் கர்னல் கையில் 16 பைட் கொடுக்கும் இடத்தில் நாம் ஏன் கலக்க வேண்டும்?

பண்டாரவளை: பதுளைத் தம்பி பக்கம் நான். ஃபோர்க் செய்யும், அதாவது தன்னையே நகலெடுத்துப் பிள்ளைப் பிராசஸ் உருவாக்கும், சர்வரில் உங்கள் நல்ல ரேண்டமும் உடையுமே?

உடையும், ஒப்புக்கொள்கிறேன். பிள்ளைப் பிராசஸ் எல்லாவற்றுக்கும் அதே கேனரி. ஒன்று செத்தால் அடுத்தது வரும். பைட் பைட்டாக ஊகித்தால் 7 × 256, அதிகபட்சம் 1,792 முயற்சி. ஃபோர்க்குக்குப் பிறகு எக்ஸெக் செய்தால் (புரோகிராமைப் புதிதாக ஏற்றினால்) புது எண் கிடைக்கும். ஆனால் பண்டாரவளை, இது எண்ணை எத்தனை பேருக்குப் பங்கு வைக்கிறோம் என்ற பிரச்சினை. நேரத்தை விதையாக்கினால் இந்த ஓட்டையும் இருக்கும், அந்த ஓட்டையும் இருக்கும்.

நானுஓயா: ரேண்டம் எண்களுக்கு விதை கொடுக்கும் எஸ்ராண்டில் நேரத்தைப் போட்டால்?

பதுளைக்குச் சொன்னதைப் படியுங்கள்.

கொட்டகலை: வைஃபை பாஸ்வேர்ட் மறந்துவிட்டது.

ரவுட்டர் கொடுத்தவர்களைக் கேளுங்கள்.

ஹாலிஎல: நேரத்தோடு மைக்ரோ செகண்டும் சேர்த்தால்?

மூன்றாவது தடவை சொல்கிறேன்: நேரம் வேண்டாம். ஏடி_ரேண்டத்தை எடுங்கள். அதற்குமேல் தேவையென்றால் கர்னலிடம் ரேண்டம் தரவு கேட்கும் கெட்ரேண்டம் இருக்கிறது, 2014இல் லினக்ஸ் 3.17இலேயே வந்துவிட்டது.

மஸ்கெலியா: அண்ணா, அந்த ஃபைலுக்கு நிறுத்தினேன், இப்போது ஓடுகிறது.

சந்தோஷம். அந்த ஃபங்ஷனைக் கூப்பிட்டுவிட்டுத் திரும்பும் ஃபங்ஷன்களையும் ஒருமுறை பாருங்கள், அங்கேயும் இதே கதை நடக்கும்.