கேள்வி பதில்: எல்லாமே ஊதாவாக விழுகிறதே!

கேள்வி: ஒளிரும் கற்களைப் படமெடுக்க ஆசைப்பட்டு 395 நானோமீட்டர் புற ஊதா டார்ச் ஒன்று வாங்கினேன். கல் ஒளிர்வது கண்ணுக்கு ஓரளவு தெரிகிறது, ஆனால் படத்தில் கல், மேஜை, என் விரல் எல்லாமே ஒரே ஊதா. இன்னும் சக்தி வாய்ந்த டார்ச் வாங்கினால் சரியாகுமா?

ஆகாது. ஊதா இன்னும் பளிச்சென்று விழும், அவ்வளவுதான்.

கல்லுக்குள் போகும் புற ஊதா ஒளியைக் கல் விழுங்கிக்கொண்டு, அதைவிட நீளமான அலையாக, அதாவது கண்ணுக்குத் தெரியும் நிறமாகத் திருப்பித் தருவதுதான் ஒளிர்வு. அப்படித் திரும்பி வருவது கொஞ்சம்தான். 395 நானோமீட்டர் என்பது ஒளி அலையின் நீளம், நம் பார்வை தொடங்கும் எல்லையிலேயே நிற்கிற எண், போதாததற்கு எல்.இ.டி. ஒரே எண்ணில் ஒளிவிடாது, இரண்டு பக்கமும் பரவும், அதனால் உங்கள் டார்ச்சிலிருந்து வருவதில் நல்ல பங்கு சாதாரண ஊதா வெளிச்சம். அது கல்லிலும் மேஜையிலும் பட்டுத் தெறித்து லென்ஸுக்குள் வந்து, மெல்லிய ஒளிர்வை அமுக்கிவிடுகிறது. திருவிழா மேளத்துக்கு நடுவே ஒருவர் காதில் ரகசியம் சொல்வது மாதிரி.

வாங்க வேண்டியது 365 நானோமீட்டர் டார்ச். அதையும் வாய்ப்பக்கம் கறுப்புக் கண்ணாடி ஃபில்டர் போட்டதாகப் பார்த்து வாங்குங்கள். 365 எல்.இ.டி.யிலும் வெளிர்நீல வெளிச்சம் கொஞ்சம் ஒழுகும், கண்ணுக்கு அது பெரிதாகத் தெரியாது, ஆனால் பத்து விநாடி ஷட்டரைத் திறந்து வைத்தால் அது சேர்ந்து சேர்ந்து படம் முழுக்கப் பால் தெளித்தது போல ஆகிவிடும். இந்த ஒழுகலை நிறுத்தத்தான் ஃபில்டர். இசட்.டபிள்யூ.பி.2 என்ற பெயரில் வரும் கண்ணாடியைத்தான் பல டார்ச்சுகளில் போடுகிறார்கள். கண்ணுக்குத் தெரியும் ஒளியை மறித்துப் புற ஊதாவை மட்டும் விடுகிற கண்ணாடி புதிய சரக்கு இல்லை, அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் வில்லியம்ஸ் வுட் 1903-லேயே இந்த வேலையைச் செய்துவிட்டார். தோலைச் சோதிக்கும் புற ஊதா விளக்கைத் தோல் மருத்துவர்கள் வுட் விளக்கு என்று சொல்வது அவர் பெயரில்தான்.

கேள்வி: ஃபில்டர் போட்ட 365 டார்ச் வந்து சேர்ந்தது. எரிகிறதா என்றே சந்தேகமாக இருக்கிறது, அவ்வளவு மங்கல். ஏமாந்துவிட்டேனா?

மங்கலாக இருந்தால்தான் நல்ல டார்ச்! இருந்தாலும் சோதித்துவிடுவோம். பலரும் வெள்ளைத் தாளில் அடித்துப் பார்த்து, பளீரென்று நீலமாக மின்னியதும் திருப்தியாகிவிடுகிறார்கள். தாளிலும் சலவைத்தூளிலும் வெண்மைக்காகச் சேர்க்கும் பொருள் எந்தப் புற ஊதாவுக்கும் மின்னும், 395-க்கும் மின்னும், ஆகவே அது சோதனையே இல்லை.

இருட்டறையில் ஒரு அலுமினியத் தாளையோ நன்றாகத் துடைத்த எஃகுக் கரண்டியையோ வைத்து அடியுங்கள். உலோகம் ஒளிராது, பட்டதை அப்படியே திருப்பி அனுப்பும். கரண்டியில் ஊதாப் பொட்டு பளிச்சென்று தெரிந்தால் டார்ச் ஒழுகுகிறது. அடர்ந்த, மங்கிய ஒரு சாயல்கூடச் சரியாகத் தெரியவில்லை என்றால், நல்ல சரக்கு. கரண்டியைப் பக்கவாட்டிலிருந்து பாருங்கள், ஒளி நேராகக் கண்ணில் தெறிக்கக் கூடாது.

கேள்வி: எத்தனை வாட் போதும்?

பெட்டியில் போட்டிருக்கும் வாட் பெரும்பாலும் எல்.இ.டி. இழுக்கும் மின்சாரத்தின் கணக்கு, வெளியே வரும் ஒளியின் கணக்கு இல்லை. கையளவுப் பொருளுக்கு, ஒரே எல்.இ.டி. உள்ள, 18650 என்ற உருளை வடிவ ரீசார்ஜ் பேட்டரியில் ஓடும் டார்ச் போதும், மீதியை ஷட்டர் நேரம் பார்த்துக்கொள்ளும். நடுவில் மட்டும் குத்துகிற கற்றையைவிடப் பரவலாக விழும் கற்றை படத்துக்கு நல்லது. முன்பக்கத்தை இழுத்துக் கற்றையைக் குவிக்கும் வகை டார்ச்சில், குவித்ததும் எல்.இ.டி.யின் சதுர உருவமே கல் மேல் வந்து உட்காரும். அப்புறம், சூடானால் ஒளி குறையும், பத்துப் படம் தொடர்ந்து எடுத்தால் பத்தாவது இருட்டாக இருக்கும், நடுவில் அணைத்து ஆறவிடுங்கள்.

கேள்வி: டார்ச்சில் ஃபில்டர் இருக்கும்போது கேமரா லென்ஸிலும் ஒன்று போடச் சொல்கிறார்களே, எதற்கு?

இரண்டும் நேர் எதிர் வேலை. டார்ச்சில் இருப்பது புற ஊதாவை விட்டு மற்றதை மறிக்கும், லென்ஸில் போடுவது புற ஊதாவை மறித்து மற்றதை விடும். மாற்றிப் போட்டுவிட்டு ‘படமே வரவில்லை’ என்பவர்கள் இருக்கிறார்கள், சிரிக்காதீர்கள், நானும் ஒருமுறை செய்தேன்.

லென்ஸ் ஃபில்டர் வாங்கும்போது ஒரு சிக்கல், மலிவானவற்றில் சில தாமே ஒளிரும். இருட்டில் மேஜை மேல் வைத்து டார்ச்சை அடியுங்கள், கண்ணாடி பால் போலவோ வெளிர்மஞ்சளாகவோ மினுங்கினால் அது வேண்டாம்.

கேள்வி: கேமராவில் என்னென்ன வைக்க வேண்டும்?

ட்ரைபாட் கட்டாயம். ஒளியுணர்வு (ஐ.எஸ்.ஓ.) 200 அல்லது 400, லென்ஸ் திறப்பு எஃப்/8, ஷட்டர் 5 முதல் 20 விநாடி என்று தொடங்குங்கள். சாதாரண வெளிச்சத்தில் கையால் ஃபோகஸ் செய்துவிட்டு விளக்கை அணையுங்கள். வைட் பேலன்ஸை ஆட்டோவில் விட்டால் கேமரா தன் இஷ்டத்துக்கு நிறத்தை ‘திருத்தும்’, பகல் வெளிச்சத்துக்கு வைத்து ரா ஃபைலாக, அதாவது கேமரா கை வைக்காத மூலப் படமாக எடுங்கள். ஷட்டர் திறந்திருக்கும் நேரம் முழுக்க டார்ச்சை மெதுவாக அசைத்துக்கொண்டே இருந்தால் நிழல் கரையும்.

கல்லைத் தூரிகையால் துடைக்காமல் எடுக்காதீர்கள். வெறும் கண்ணுக்குத் தெரியாத பஞ்சு இழை ஒவ்வொன்றும் நீல நட்சத்திரமாக மின்னும். இன்னொன்று, உங்கள் சட்டை. ஒரு மாலை முழுக்க என் படங்களில் கல்லின் ஒரு பக்கம் மட்டும் நீலம் பூசியிருந்தது, டார்ச்சைத் திட்டினேன், லென்ஸைத் திட்டினேன், கடைசியில் பார்த்தால் நான் போட்டிருந்த வெள்ளைச் சட்டை ட்யூப் லைட் மாதிரி எரிந்துகொண்டிருந்தது.

கேள்வி: 365-லும் சில கற்கள் ஒளிரவே இல்லையே?

எல்லாக் கல்லும் ஒளிராது, ஒளிர்பவையும் ஒரே அலைக்கு மசியாது. மாணிக்கம் 365-க்கு நெருப்புத் துண்டு போலச் சிவக்கும், அதிலுள்ள குரோமியம்தான் காரணம். ஃபுளோரைட் பெரும்பாலும் நீலம். 1852-ல் இயற்பியலாளர் ஸ்டோக்ஸ் இந்த ஒளிர்வுக்கு ஃபுளோரசன்ஸ் என்று பெயர் வைத்ததே இந்தக் கல்லைப் பார்த்துத்தான். ஆனால் ஷீலைட் என்ற கனிமத்துக்கு 254 நானோமீட்டர் குறுஅலை வேண்டும், அதற்கு விளக்கே வேறு. அந்த ஒளி சிறிது நேரம் பட்டாலே கண்ணின் மேற்பரப்பு வெந்து, சில மணி நேரம் கழித்து மணல் விழுந்தது போல உறுத்தும். பழகாமல் அதில் கை வைக்க வேண்டாம். 365-க்கும் புற ஊதாவைத் தடுக்கும் பாலிகார்பனேட் கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள். நம் விழி லென்ஸே புற ஊதா பட்டால் ஒளிரும், இருட்டில் ஏதோ பனி மூட்டம் தெரிகிறதே என்று சிலர் சொல்வது அதனால்தான், கண்ணாடி போட்டதும் மூட்டம் போய்விடும்.

கேள்வி: தேளைப் படமெடுக்க ஏதாவது தனியாக உண்டா?

365-ல் பச்சை கலந்த நீலத்தில் அட்டகாசமாக வரும், மற்றவற்றைவிடக் குறைந்த ஷட்டர் நேரம் போதும். அப்போதுதான் தோலுரித்த தேள் ஒளிராது, மேலோடு இறுகிய பிறகுதான், எனவே மங்கலான தேளைப் பார்த்து டார்ச்சைச் சந்தேகிக்காதீர்கள். புற ஊதா பட்டால் அது ஒளிந்துகொள்ளப் பார்க்கும், நீண்ட நேரம் அடித்துக்கொண்டு நிற்காமல் நாலு படத்தோடு விட்டுவிடுங்கள். காலணி போட்டுக்கொண்டு போங்கள், நீங்கள் குனிந்து பார்க்கிற தேள் மட்டும்தான் அங்கே இருக்கிறது என்று யார் சொன்னது?