வண்டி வாசகர் பக்கம்: எல்.எஸ்.டி. பிடிக்கிறதா, சும்மா சுற்றுகிறதா?

கேள்வி: மீன் பெட்டி ஏற்றுவதற்காகப் பழைய 4x4 பிக்கப் ஒன்று வாங்கினேன். பின் ஹவுசிங்கில் ‘எல்.எஸ்.டி. ஆயில் மட்டும்’ என்று ஸ்டிக்கர் இருக்கிறது. ஆனால் துறைமுகச் சேற்றில் ஒரு பக்கச் சக்கரம்தான் சுற்றுகிறது. ஒர்க்‌ஷாப்பில் ஜாக்கி ஏற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, “ரெண்டும் ஒரே பக்கம் சுத்துது, நல்லாத்தான் இருக்கு” என்கிறார்கள். தேவனாம்பட்டினம் மணலில் ஓட்டிப் பார்த்தால் தெரியுமா?
– வாசகர், கடலூர் முதுநகர்

பதில்: எல்.எஸ்.டி. என்றால் லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல். எஞ்சின் இழுவையை இரண்டு பின்சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கர அமைப்புதான் டிஃபரன்ஷியல். எல்.எஸ்.டி.யில் ஸ்பிரிங் அழுத்தும் பிளேட்டுகள், ஒரு சக்கரம் மட்டும் சும்மா சுற்றுவதைக் கட்டுப்படுத்தும். அது வேலை செய்கிறதா என்பது மணலில் தெரியாது. இரண்டு சக்கரமும் ஒரே மணலில் நின்றால் சாதாரண டிஃபரன்ஷியலும் இரண்டையும் சுற்றும். பிரேக் டிரம்முக்குள் உப்பு மணல் போவதுதான் மிச்சம்.

ஒர்க்‌ஷாப்பில் பார்த்தது பாதிச் சோதனை. கியர் நியூட்ரலில் இருக்கும்போது சக்கரங்கள் ஒரே பக்கம் சுற்றினால் உள்ளே ஏதோ கொஞ்சம் பிடிமானம் இருக்கிறது என்று மட்டும்தான் அர்த்தம். கெட்டியான ஆயில் இருந்தால் சாதாரண டிஃபரன்ஷியலும் சில நேரம் அப்படிச் சுற்றி ஏமாற்றும். பிடிமானம் எவ்வளவு என்பதை அளந்தால்தான் தெரியும்.

சமமான சிமென்ட் தரையில் நிறுத்தி, முன்சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை கொடுங்கள். பின்பக்கம் இரண்டையும் தூக்கி ஸ்டாண்டில் உட்கார வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்ப வேண்டாம். ஹேண்ட் பிரேக்கை விட்டு, 2எச்-இல் (பின்சக்கரங்கள் மட்டும் இழுக்கும் நிலை) போட்டு, முதலில் நியூட்ரலில் சக்கரங்களைச் சுற்றி பிரேக் ஷூ உரசுகிறதா என்று பாருங்கள். உரசினால் அதைச் சரிசெய்த பிறகே மற்றது, இல்லையென்றால் ஷூவின் பிடியை எல்.எஸ்.டி.யின் பிடி என்று எண்ணிவிடுவீர்கள். அடுத்து எஞ்சினை அணைத்து, சாவியை எடுத்துவிட்டு, முதல் கியரில் போடுங்கள். இப்போது கியர் பெட்டியிலிருந்து பின்னால் வரும் ஷாஃப்ட் அசையாது. ஒரு சக்கரத்தைத் தள்ளினால் மற்றது எதிர்ப்பக்கம் லேசாகச் சுற்றுகிறதா? பிளேட் தேய்ந்துவிட்டது, அல்லது யாரோ சாதாரண டிஃபரன்ஷியலை மாட்டிவிட்டு ஸ்டிக்கரை விட்டுவைத்திருக்கிறார்கள். கையால் அசைக்கச் சிரமமாக இருந்தால், அல்லது முடியவே இல்லை என்றால், பிடிமானம் இருக்கிறது.

இனி அளவு. ஒரு பின்சக்கரத்தைத் தரையில் இறக்கி அதற்கும் கட்டை கொடுங்கள். மற்றது தரையை விட்டு 2 அங்குலம் தூக்கி ஸ்டாண்டில் இருக்கட்டும். கியர் நியூட்ரல். டயரின் மேல்தோலில் சரக்குக் கட்டும் நைலான் பட்டையை ஒன்றரைச் சுற்று சுற்றி, அதன் முனையில் மீன் நிறுக்கும் தொங்கு தராசை மாட்டி நேராக இழுங்கள். முதல் அசைவில் காட்டும் எடையையும், சீராகச் சுற்றும்போது காட்டும் எடையையும் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். 245/70 ஆர்16 டயரின் ஆரம் ஏறக்குறைய 37.5 செ.மீ. தராசில் 10 கிலோ என்றால் சுமார் 37 நியூட்டன் மீட்டர். ஒப்பிட்டுப் பார்க்க: ஃபோர்டின் டிராக்‌ஷன்-லாக் வகை எல்.எஸ்.டி.க்குக் குறைந்தது 27 நியூட்டன் மீட்டர் வேண்டும், இந்த டயரில் அது சுமார் 7.3 கிலோ. உங்கள் வண்டிக்கு அதன் ஒர்க்‌ஷாப் மானுவல் சொல்வதுதான் கணக்கு. 2, 3 கிலோவிலேயே சுற்றினால் பிளேட்டோ ஸ்பிரிங்கோ போய்விட்டது. விட்டு விட்டுக் குதித்துச் சுற்றினால் பிளேட் கருகியிருக்கலாம், ஆயிலும் தவறாக இருக்கலாம். ஆயிலை மாற்றிப் பார்த்துவிட்டுப் பிரியுங்கள்.

ஒரு சக்கரம் மட்டும் தூக்கியிருக்கும்போது எஞ்சினை ஓட்டிக் கியர் போடவே கூடாது. தரையிலுள்ள சக்கரம் இழுத்து, வண்டி ஸ்டாண்டை விட்டுப் பாய்ந்துவிடும்.

அளவு சரியாக இருந்தாலும் சேற்றில் ஒரு பக்கம் சுற்றலாம். வழுக்கும் சக்கரத்துக்குப் பிடியே இல்லாதபோது மற்றதற்குக் கிடைப்பது பெரும்பாலும் அந்த ஸ்பிரிங் அழுத்தம் அளவுதான். லோடு வண்டியை நகர்த்த அது போதாது. ஹேண்ட் பிரேக்கை லேசாக இழுத்துப் பிடித்து, மெதுவாக ஆக்சிலரேட்டர் கொடுத்துப் பாருங்கள். உள்ளே பிளேட்டுகளில் அழுத்தம் ஏறி, பிடிக்கும் சக்கரத்துக்குக் கூடுதல் இழுவை போகும். சாதாரண டிஃபரன்ஷியலில் இந்த உத்தி எடுபடாது. பிரேக் இரண்டு பக்கத்தையும் ஒரே அளவில் பிடித்துக்கொண்டு நிற்கும்.

கேள்வி: என் புதிய மாடல் மஹிந்திரா தாரில் மெக்கானிக்கல் லாக்கிங் டிஃபரன்ஷியல் உண்டு என்கிறார்கள். ஜாக்கியில் சுற்றினால் சக்கரங்கள் எதிரெதிராகத்தான் போகின்றன. கெட்டுவிட்டதா?
– வாசகர், பாகூர்

பதில்: இல்லை. ஈட்டன் நிறுவனத்தின் அந்த அமைப்பு, இரண்டு சக்கரங்களுக்கும் இடையே நிமிடத்துக்குச் சுமார் 100 சுற்று வித்தியாசம் வந்த பிறகுதான் இரண்டையும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். கையால் மெதுவாகச் சுற்றினால் சாதாரண டிஃபரன்ஷியல் போலவே நடக்கும். தராசுச் சோதனையும் இதற்குப் பொருந்தாது. ஒரு பின்சக்கரம் ஈரக் களிமண்ணிலும் மற்றது கெட்டித் தரையிலும் இருக்கும்படி நிறுத்தி, ஸ்டியரிங்கை நேராக வைத்து 2எச்-இல் மெதுவாக நகர்த்துங்கள். சக்கரம் கொஞ்சம் வழுக்கி, ‘டக்’ என்று பூட்டி, வண்டி கிளம்ப வேண்டும். மணிக்கு சுமார் 32 கிலோமீட்டருக்கு மேல் இது பூட்டாது. டார்சென் போன்ற, பிளேட்டுக்குப் பதில் பல்சக்கரத்தால் பிடிக்கும் எல்.எஸ்.டி. வகைகளும் பெரும்பாலும் ஜாக்கியில் எதிரெதிராகவே சுற்றும்.

கேள்வி: மழைக்காலத்துக்குப் பிறகு எல்.எஸ்.டி. உள்ள பிக்கப்புக்குக் கிரவுன் (டிஃபரன்ஷியல்) ஆயில் மாற்றினேன். சந்தில் திருப்பும்போது பின்னால் கடகடவென்று அதிர்கிறது.
– வாசகர், அரியாங்குப்பம்

பதில்: ஃபிரிக்‌ஷன் மாடிஃபையர் (பிளேட்டுகள் சீராக வழுக்க உதவும் சேர்மானம்) இல்லாத ஆயிலை ஊற்றியிருப்பார்கள். பிளேட்டுகள் வழுக்க வேண்டிய இடத்தில் ஒட்டி ஒட்டி விடுகின்றன. கியர் ஆயிலுக்கான ஜிஎல்-5 தரத்தில் எல்.எஸ்.டி.க்கு என்றே வரும் ஆயில் வாங்குங்கள், அல்லது மாடிஃபையரைத் தனியாகச் சேருங்கள். பல ஹவுசிங்குகளுக்குச் சுமார் 120 மி.லி. போதும். நல்லதுதானே என்று அதிகம் ஊற்றினால் பிடிமானமே போய்விடும். பிறகு காலி மைதானத்தில் எட்டுப் போடுவது போல மெதுவாகப் பத்துப் பன்னிரண்டு முறை சுற்றுங்கள். ஆயில் பிளேட்டுகளுக்கு இடையே போய்ச் சேர வேண்டும்.

ஆயில் மாற்றும்போதெல்லாம் மேலே உள்ள ஃபில்லர் பிளக்கை முதலில் கழற்றுங்கள். கீழே வடித்த பிறகு மேல் பிளக் திருகாமல் அடம்பிடித்தால் வண்டி அங்கேயே நிற்கும். பழைய ஆயில் பால் கலந்த மாதிரி வந்ததா என்றும் கேட்டு வையுங்கள். சூடான ஹவுசிங் வெள்ளத் தண்ணீரில் இறங்கினால் உள்ளே காற்று சுருங்கி, பிரீதர் (காற்றுப் போக்கு) வழியாகவோ சீல் வழியாகவோ தண்ணீரை இழுத்துக்கொள்ளும். அப்படியானால் பிரீதர் குழாயையும் மாற்றுங்கள்.

கேள்வி: பின்னால் ஒரு டயரை மட்டும் புதிதாகப் போடலாமா?
– வாசகர், நெல்லிக்குப்பம்

பதில்: பிளேட் வகை எல்.எஸ்.டி. என்றால் வேண்டாம். ஒன்று உயரமும் ஒன்று குட்டையுமாக இருந்தால் நேர் ரோட்டிலும் பிளேட்டுகள் ஓயாமல் உரசித் தேயும். ஜோடியாக மாற்றுங்கள். ஸ்டெப்னி வேறு அளவில் இருந்தால் அதை முன்னால் மாட்டி, முன் டயரைப் பின்னுக்குக் கொண்டுவந்து, 2எச்-இலேயே பஞ்சர் கடை வரை ஓட்டுங்கள்.