பாஸ்புக்கில் தெரிவதும் பென்ஷனாக வருவதும்

ஓய்வூதியக் கணக்குகள், ஆவணங்கள், பொதுவில் கிடைக்கும் புள்ளிவிவரங்கள் ஆகியவை குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் விடையளிக்கிறோம். கடிதங்கள் சுருக்கப்பட்டுள்ளன.

கேள்வி: 1998 செப்டம்பரில் ஒரு நூற்பாலையில் சேர்ந்து 16 ஆண்டுகள் வேலை பார்த்தேன். பிறகு வேறொரு நிறுவனத்தில் 9 ஆண்டுகள் பணிபுரிந்து, 2023 ஆகஸ்டில் 58 வயதில் ஓய்வு பெற்றேன். பி.எப். பாஸ்புக்கில் பென்ஷன் என்ற பத்தியில் 1,35,000 ரூபாய் மட்டுமே காட்டுகிறது. அதற்கு ஒரு பைசா வட்டிகூட இல்லை. பழைய மில்லிலிருந்து கணக்கை மாற்றியபோது பென்ஷன் பத்தியில் பூஜ்ஜியம் என்று வந்தது. என் 16 ஆண்டுப் பணம் எங்கே போனது? (கோவை வாசகர்)

பதில்: இதே ஐயத்தை எழுப்பிப் பல கடிதங்கள் வருவதால் சற்று விரிவாகவே சொல்கிறோம். பாஸ்புக்கில் உள்ள மூன்று பத்திகளும் ஒரே தன்மையுடையவை அல்ல. உங்கள் பங்கும் நிறுவனத்தின் பங்கும் உங்கள் பெயரில் சேர்ந்து ஆண்டுதோறும் வட்டி பெறும் தொகைகள். மூன்றாவது பத்தியான பென்ஷன் பங்கு, 1995 நவம்பர் 16 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தின் பொது நிதிக்குச் சென்றுவிடுகிறது. நிறுவனம் செலுத்தும் 12 சதவீதத்தில் 8.33 சதவீதம் அங்கே போகிறது. 2014 ஆகஸ்டு வரை 6,500 ரூபாய், அதன் பிறகு 15,000 ரூபாய் என்ற சம்பள உச்சவரம்பு அதற்கு உண்டு. 15,000 ரூபாயில் 8.33 சதவீதம் மாதம் 1,250 ரூபாய். அதை 9 ஆண்டுகளுக்குப் பெருக்கினால் நீங்கள் குறிப்பிடும் 1,35,000 ரூபாய் அப்படியே வருகிறது. எனவே இரண்டாவது நிறுவனத்தில் ஒரு மாதம்கூட விடுபடவில்லை என்பதை உங்கள் பாஸ்புக்கே உறுதி செய்கிறது.

அந்தத் தொகை உங்கள் தனிக்கணக்கில் சேரும் சேமிப்பு அன்று என்பதால்தான் அதற்கு வட்டியும் இல்லை, கணக்கு மாறும்போது அது கூடவே வருவதும் இல்லை. மாற்றத்தில் உங்களுடன் வருவது பணிக்காலம். பழைய கணக்கை வைத்திருந்த அலுவலகம், நீங்கள் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை உறுப்பினராக இருந்தீர்கள், அதில் பங்களிப்பு இல்லாத நாட்கள் எத்தனை என்பவற்றைக் குறித்து 'இணைப்பு கே' என்ற படிவத்தைப் புதிய அலுவலகத்துக்கு அனுப்பும். நீங்கள் தேட வேண்டியது அந்த ஒரு தாளைத்தான். பூஜ்ஜியம் என்ற பதிவைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. இணைப்பு கே-யில் 16 ஆண்டுகளும் பதிவாகியுள்ளனவா என்பதே கேள்வி.

அது ஏன் இவ்வளவு முக்கியம் என்பதைக் கணக்கு காட்டும். ஓய்வூதியத்துக்குரிய சம்பளத்தைப் பணியாண்டுகளால் பெருக்கி 70 ஆல் வகுப்பது சூத்திரம். உங்கள் நிலையில் 2014 ஆகஸ்டு வரையிலான பகுதிக்கு 6,500 பெருக்கல் 16 வகுத்தல் 70, அதாவது சுமார் 1,486 ரூபாய்; அதற்குப் பிந்தைய பகுதிக்கு 15,000 பெருக்கல் 9 வகுத்தல் 70, அதாவது சுமார் 1,929 ரூபாய். இரண்டும் சேர்ந்து மாதம் 3,414 ரூபாய் அளவில் வரும். 20 ஆண்டுகளும் அதற்கு மேலும் பணிபுரிந்தவர்களுக்குக் கூட்டித் தரப்படும் 2 ஆண்டுகளின் பலன் இதில் சேர்க்கப்படவில்லை. முதல் மில்லின் பணிக்காலம் பதிவாகாமல் போனால் 1,486 ரூபாய் குறைவதோடு நிற்காது. பத்தாண்டுத் தகுதியே எட்டாமல் மாதாந்திர ஓய்வூதியம் முழுவதும் கைநழுவிவிடும், கூடுதல் 2 ஆண்டுகளும் கிடைக்கா.

பங்களிப்பு இல்லாத நாட்கள் என்று மேலே குறிப்பிட்டதையும் கவனியுங்கள். சம்பளமில்லா விடுப்பு, வேலைநிறுத்தம், கதவடைப்பு ஆகிய நாட்களை நிறுவனம் மாதாந்திரக் கணக்கில் தனியே காட்டும், அவை பணிக்காலத்திலிருந்து கழியும். சம்பளத்தோடு எடுத்த விடுப்பைக்கூட இந்தப் பத்தியில் ஏற்றிவிடும் கணக்கர்கள் உண்டு. கடைசியில் மிஞ்சும் காலம் ஆறு மாதமோ அதற்கு மேலோ இருந்தால் முழு ஆண்டாகவும், குறைந்தால் இல்லாததாகவும் கொள்ளப்படும் என்பதால், தவறாக ஏறிய சில நாட்கள்கூட ஓர் ஆண்டையே பறித்துவிடக்கூடும். பழைய சம்பளச் சீட்டுகள் கைவசம் இருந்தால் அவற்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

கேள்வி: என் தந்தையும் அவருடைய நண்பரும் ஒரே அரசுத் துறையில் ஒரே ஆண்டில் ஓய்வு பெற்றவர்கள். நண்பருக்கு ஓய்வூதியம் கணிசமாக அதிகம். அரசு ஊழியரின் ஓய்வூதியம் மக்கள் பணம்தானே? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் நண்பரின் ஓய்வூதிய விவரத்தைக் கேட்டுப் பெற முடியுமா? (திருச்சி வாசகர்)

பதில்: கேட்கலாம், கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். பணியில் இருக்கும் அலுவலர்கள், ஊழியர்கள் ஒவ்வொருவரும் பெறும் மாத ஊதியத்தைப் பொது அதிகார அமைப்பு தானாகவே வெளியிட வேண்டும் என்று 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 4-ஆவது பிரிவு சொல்கிறது. ஓய்வு பெற்றவரின் ஓய்வூதியம் அந்தப் பட்டியலில் இல்லை. தனிநபர் தகவலுக்கு விலக்களிக்கும் 8(1)(ஜெ) பிரிவு குறுக்கே நிற்கும். ஓர் ஊழியரின் பணிப்பதிவும் வருமான வரிக் கணக்கும் சொத்து விவரமும் தனிநபர் தகவல்களே என்று உச்ச நீதிமன்றம் 2012-இல் தீர்ப்பளித்தது. (அந்த வழக்கில் விவரம் கேட்கப்பட்டது வருங்கால வைப்பு நிதி நிறுவனத்தின் அமலாக்க அலுவலர் ஒருவரைப் பற்றி என்பது ஒரு வேடிக்கை.) 2023-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இந்த விலக்கை இன்னும் இறுக்கியிருக்கிறது. இந்த இறுக்கம் முழுக்க நியாயமானது என்று நாம் கருதவில்லை. ஆனால் மனு எழுதுபவர் இருக்கிற சட்டத்தை வைத்துத்தான் எழுத வேண்டும்.

உண்மையில் உங்களுக்கு நண்பரின் விவரம் தேவையும் இல்லை. உங்கள் தந்தை தம்முடைய கோப்பைத் தாமே கேட்கட்டும். தமது பணிப்பதிவேட்டின் நகல், தகுதியுள்ள பணிக்காலம் கணக்கிடப்பட்ட தாள், கடைசி ஊதியம் நிர்ணயிக்கப்பட்ட ஆணை, தொகுத்துப் பெற்ற (அதாவது முன்கூட்டியே மொத்தமாக வாங்கிக்கொண்ட) ஓய்வூதியப் பகுதி எவ்வளவு, அது எந்தத் தேதியில் மீண்டும் சேர்க்கப்படும் என்ற விவரம் ஆகியவற்றைப் பத்து ரூபாய் கட்டணத்தில் கேட்கலாம். 30 நாட்களுக்குள் பதில் வர வேண்டும். வராவிட்டால் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலரிடம் முறையிடலாம். ஒரே துறையில் ஒரே ஆண்டில் ஓய்வு பெற்ற இருவருக்கிடையே வேறுபாடு வருவதற்குப் பெரும்பாலும் இந்த நான்கில் ஒன்றே காரணமாக இருக்கும். குறிப்பாக, ஒருவர் ஓய்வூதியத்தின் ஒரு பகுதியைத் தொகுத்து மொத்தமாக வாங்கியிருக்க, மற்றவர் வாங்காமல் விட்டிருந்தால், மாதந்தோறும் கையில் வரும் தொகையை வைத்து இருவரையும் ஒப்பிடுவதில் பொருளே இல்லை.

கேள்வி: மாநில அரசு ஓய்வூதியத்துக்கே பெரும் தொகையைச் செலவிடுகிறது என்று படிக்கிறோம். அந்தத் தொகையை ஓய்வூதியர்களின் எண்ணிக்கையால் வகுத்து 'ஒருவருக்கு மாதம் இவ்வளவு' என்று சிலர் பரப்புகிறார்கள். அசல் கணக்கை எங்கே பார்ப்பது? (ஓய்வு பெற்ற ஆசிரியை, தஞ்சாவூர்)

பதில்: அரசுக் கணக்கில் ஒவ்வொரு செலவுக்கும் ஒரு தலைப்பு எண் உண்டு. ஓய்வூதியங்களும் ஏனைய ஓய்வுக்காலப் பலன்களும் என்ற தலைப்பின் எண் 2071. மத்திய அரசுக்கும் எல்லா மாநிலங்களுக்கும் இதே எண்தான். வரவு செலவுத் திட்ட ஆவணங்களில் மதிப்பீடு, திருத்திய மதிப்பீடு, அதற்கு முந்தைய ஆண்டின் அசல் செலவு என மூன்று விதமாக இதைக் காணலாம். தணிக்கைக்கு உட்பட்ட இறுதித் தொகை, இந்தியக் கணக்குத் தணிக்கைத் தலைவர் ஆண்டுதோறும் வெளியிடும் நிதிக் கணக்குகளில் இருக்கும். மாநிலங்களை ஒப்பிட விரும்பினால், மாநில நிதிநிலை குறித்து ரிசர்வ் வங்கி ஆண்டுதோறும் வெளியிடும் ஆய்வு போதும். எல்லாமே இணையத்தில் கட்டணமின்றிக் கிடைப்பவை.

இனி அந்த வகுத்தல் கணக்கு. 2071-ஐப் பிரித்துப் பார்த்தால் வயது முதிர்வு ஓய்வூதியம், தொகுத்துப் பெறும் தொகை, பணிக்கொடை, குடும்ப ஓய்வூதியம், ஈட்டிய விடுப்பைப் பணமாக்கும் தொகை என்று சிறு தலைப்புகள் வரிசையாக நிற்கும். இவற்றில் பணிக்கொடை, தொகுப்புத் தொகை, விடுப்புப் பணம் மூன்றும் ஓய்வு பெறும்போது ஒரே முறை தரப்படுபவை. ஓர் ஆண்டில் அதிகம் பேர் ஓய்வு பெற்றால், பழைய ஓய்வூதியர் எவருக்கும் ஒரு ரூபாய் கூடாமலே மொத்தச் செலவு ஏறும். இதற்கெல்லாம் மேலே 117 என்ற சிறு தலைப்பு ஒன்று உண்டு. பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்துக்கு அரசு தன் பங்காகச் செலுத்தும் பணம் அதில் வரும். தமிழ்நாட்டில் 2003 ஏப்ரல் 1 முதலும் மத்திய அரசில் 2004 ஜனவரி 1 முதலும் பணியில் சேர்ந்தவர்கள் இத்தகைய திட்டத்தின் கீழ் வந்தவர்கள். அவர்களில் பெரும்பாலோர் இன்னும் பணியில் இருக்கிறார்கள். ஆக, ஓய்வே பெறாதவர்களுக்காகச் செலுத்தும் பணத்தையும் சேர்த்து ஓய்வூதியர்களின் தலையில் வகுத்துவிட்டு அதைச் சராசரி என்பது கணக்கும் ஆகாது, நேர்மையும் ஆகாது. சராசரி வேண்டுமென்றால் வயது முதிர்வு ஓய்வூதியத்தை அதைப் பெறுவோர் எண்ணிக்கையாலும், குடும்ப ஓய்வூதியத்தை அதைப் பெறுவோர் எண்ணிக்கையாலும் தனித்தனியே வகுக்க வேண்டும்.

கேள்வி: மாதந்தோறும் வெளியாகும் பி.எப். புதிய உறுப்பினர் எண்ணிக்கையைப் புதிய வேலைவாய்ப்பு என்று கொள்ளலாமா? (கல்லூரி மாணவர், சென்னை)

பதில்: முழுதாகக் கொள்ள முடியாது. 2018 ஏப்ரல் முதல் வெளியாகும் இந்தப் புள்ளிவிவரம், புதிதாகச் சேர்ந்தவர்களோடு விலகி மீண்டும் சேர்ந்தவர்களைக் கூட்டி, விலகியவர்களைக் கழித்துத் தரப்படுவது. 20 பேருக்குக் குறைவாக வைத்திருந்த ஒரு பட்டறை இருபதாவது ஆளைச் சேர்த்துச் சட்டத்துக்குள் வரும்போது, ஆண்டுக்கணக்கில் அங்கே உழைப்பவர்களும் புதிய உறுப்பினர்களாகவே பதிவாவார்கள். மேலும் இவை தற்காலிக எண்கள், பின்னால் திருத்தப்படுபவை. கட்டுரை எழுதும்போது எந்த மாத வெளியீட்டிலிருந்து எடுத்தீர்கள் என்பதையும் குறிப்பிடுங்கள்.

கேள்வி: நவம்பரில் இ-சேவை மையத்தில் ஆயுள் சான்று கொடுத்தேன். ரசீதும் கையில் இருக்கிறது. இருந்தும் ஓய்வூதியம் நின்றுவிட்டது. (மத்திய அரசு ஓய்வூதியர், மதுரை)

பதில்: 2014 நவம்பரில் தொடங்கிய ஜீவன் பிரமாண் என்ற மின்னணு ஆயுள் சான்று முறையில், சான்று உருவாவதும் அதை வங்கி ஏற்பதும் இரண்டு தனி நிகழ்வுகள். உங்கள் ரசீதில் இருக்கும் எண் முதல் நிகழ்வுக்கு மட்டுமே சாட்சி. ஓய்வூதிய ஆணை எண்ணிலோ வங்கிக் கணக்கு எண்ணிலோ ஒரு இலக்கம் தவறினாலும், ஓய்வூதியம் வழங்கும் வங்கியைத் தவறாகத் தேர்ந்தாலும் அது வங்கியில் நிராகரிக்கப்படும். ரசீதையும் ஓய்வூதிய ஆணையையும் பக்கத்தில் வைத்து எண்களைச் சரிபாருங்கள். பிழை இருந்தால் புதிய சான்று கொடுங்கள், நிலுவை சேர்ந்து வரும். தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தில் இருப்பவர்களுக்கு நவம்பர் என்ற கட்டாயம் கிடையாது. எந்த மாதத்தில் கொடுத்தாலும் அதிலிருந்து ஓராண்டுக்குச் செல்லும்.

கேள்வி: என் கணவர் ஒரு தோல் தொழிற்சாலையில் 13 ஆண்டுகள் வேலை செய்து 2009-இல் விலகினார். தொழிற்சாலை பின்னர் மூடப்பட்டது. பி.எப். பணத்தை அப்போதே வாங்கிவிட்டார். சென்ற ஆண்டு 54 வயதில் காலமானார். என்னிடம் இருப்பது 'டி.என்./எம்.ஏ.எஸ்.' என்று தொடங்கும் எண் உள்ள ஒரு பழைய கணக்குச் சீட்டு மட்டுமே. எனக்கு ஏதாவது கிடைக்குமா? (சென்னை வாசகி)

பதில்: கிடைக்க வாய்ப்பு இருக்கிறது, அம்மா, காலம் தாழ்த்த வேண்டாம். பத்தாண்டுப் பணியை முடித்தவர் பி.எப். சேமிப்பை எடுத்திருந்தாலும், பென்ஷன் பங்கை ரொக்கமாக வாங்கிக்கொள்ள விதி இடம் தருவதில்லை. அப்படிப்பட்டவர் வேலையை விட்ட பின் 58 வயதுக்கு முன்பே இறந்தால் மனைவிக்கு விதவை ஓய்வூதியம் உண்டு. 2014 செப்டம்பரில் நிர்ணயிக்கப்பட்ட குறைந்தபட்சத் தொகை மாதம் 1,000 ரூபாய். 25 வயது நிரம்பாத பிள்ளைகள் இருந்தால் இருவர் வரை, உங்கள் தொகையில் கால் பங்கு வீதம் தனியே கிடைக்கும்.

உங்களிடம் உள்ள சீட்டு பெரும்பாலும் அந்நாளில் ஆண்டுதோறும் வழங்கப்பட்ட 23-ஆம் எண் படிவமாக இருக்கும். அதிலுள்ள எண்ணில் முதல் இரண்டு எழுத்துகள் தமிழ்நாட்டையும், அடுத்த மூன்று எழுத்துகள் சென்னை அலுவலகத்தையும் குறிக்கும். பின்னால் வருவது தொழிற்சாலையின் எண், கடைசியில் இருப்பது உங்கள் கணவரின் எண். தொழிற்சாலை இல்லாமல் போனாலும், அது ஆண்டுதோறும் ஒவ்வொரு தொழிலாளிக்கும் மாதவாரியாகச் சம்பளமும் பங்களிப்பும் எழுதிக் கொடுத்த 3-ஏ படிவம் வைப்பு நிதி அலுவலகத்துக்குச் சென்றிருக்கும். இந்தச் சீட்டின் நகலை வைத்து, கணவரின் 3-ஏ படிவங்களின் நகல்களைத் தகவல் உரிமை மனுவில் கேளுங்கள். அவருடைய மனைவி என்பதற்கான சான்றை இணைத்தால் தனிநபர் தகவல் என்று தட்டிக்கழிப்பது கடினம்.

அதற்காகக் காத்திராமல், ஓய்வூதியம் கோருவதற்கான 10-டி படிவத்தையும் உடனே கொடுத்துவிடுங்கள். நிறுவனம் கையொப்பமிட வேண்டிய இடத்தில், மூடப்பட்ட நிறுவனமானால், உங்கள் கணக்கு இருக்கும் வங்கியின் மேலாளரோ அரசிதழ்ப் பதிவு பெற்ற அலுவலரோ சான்றொப்பம் இடலாம். இறப்புச் சான்றிதழில் உள்ள பெயரும் பழைய சீட்டில் உள்ள பெயரும் முன்னெழுத்தில் வேறுபட்டால், இருவரும் ஒருவரே என்ற சான்றையும் சேர்த்து இணையுங்கள். சீட்டின் அசலை யாரிடமும் கொடுக்காதீர்கள். கேட்டால் காட்டிவிட்டு, நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள்.