நெடுஞ்சாலையில் ரோடு பைக் ஓட்டிப் பழகியவர் ஆளரவமற்ற கிராமத்துச் சாலைகளுக்கு மாறலாமா? வேகம் போய்விடாதா?

மாறலாம். வேகம் போய்விடும். இரண்டுக்கும் பதில் ஆமாம்தான்.

25 மி.மீ. டயர், மணிக்கு 28 கி.மீ. சராசரி, தோளை உரசிக்கொண்டு போகும் லாரிகள் மேல் வெறுப்பு என்று நீங்கள் எழுதியிருப்பது அப்படியே என் பழைய கதை. நான் வயல்வெளிச் சாலைகளுக்கு மாறி ஆறு வருடம் ஆகிறது. என் 28 இப்போது 22, 23-ல் நிற்கிறது. முதல் இரண்டு மாதம் அது உறுத்தியது. அப்புறம் அந்தச் சராசரி எண்ணையே மீட்டர் திரையிலிருந்து எடுத்துவிட்டேன். (தெரியாதவர்களுக்கு: ரோடு பைக் என்றால் மோட்டார் பைக் இல்லை. கைப்பிடி கீழ்நோக்கி வளைந்த, டயர் மெலிந்த சைக்கிள்.)

வண்டிகளே இல்லாத சாலையைப் பார்த்ததும் இனி இஷ்டத்துக்கு விரட்டலாம் என்றுதான் தோன்றும். எனக்கும் தோன்றியது. மூன்றாவது வாரமே விழுந்தேன். இரண்டு பக்கமும் ஆளுயர வேலி, சாலை வலப்பக்கம் வளைந்து மறைகிறது. காதில் எந்தச் சத்தமும் விழாததால் வேகத்தைக் குறைக்கவில்லை. வளைவுக்குள் நுழைந்த பிறகு பார்த்தால் குறுக்கே பொடிச் சரளை. சைக்கிள் சாய்ந்திருக்கும்போதே முன் பிரேக்கைப் பிடித்தேன், சக்கரம் வழுக்கிக்கொண்டு போய்விட்டது. முழங்கையில் தோல் உரிந்தது, ஒரு பிரேக் லீவர் உள்பக்கமாகத் திரும்பிக்கொண்டது. எதிரே டிராக்டர் வந்திருந்தால் இந்தப் பதிலை வேறு யாராவது எழுதியிருப்பார்கள்.

அன்று வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். 30 கி.மீ. வேகத்தில் ஒரு நொடிக்கு 8 மீட்டருக்கு மேல் போகிறோம். கண் பார்த்து, மூளை புரிந்துகொண்டு, கை பிரேக்கை அழுத்த ஒரு நொடி. அதன் பிறகு, உலர்ந்த தார்ச்சாலையிலேயே, நிற்க இன்னும் ஏழு மீட்டராவது வேண்டும். ஆக 15 மீட்டர். அந்த வளைவில் எனக்குத் தெரிந்த சாலை 10 மீட்டர்கூட இருந்திருக்காது. ஒரே ஒரு வண்டி போகிற அகலம்தான் என்றால் கணக்கு இன்னும் மோசம். எதிரே வருபவரும் நிற்க வேண்டுமே? அதனால் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் பாதிக்குள் நிற்கக்கூடிய வேகம்தான் அங்கே சரியான வேகம். பிரேக்கை வளைவுக்கு முன்பே, சைக்கிள் நேராக இருக்கும்போதே பிடித்து முடித்துவிட வேண்டும். வளைவுக்குள் கையை லீவர் மேல் வைத்திருக்கலாம், அழுத்தக் கூடாது.

சாலையில் எங்கே ஓட்டுவது என்பதையும் மறுபடி கற்றுக்கொள்ள வேண்டும். நெடுஞ்சாலையில் ஓரமாகவே ஒண்டிப் பழகியிருப்போம். சிறிய சாலையில் ஓரம்தான் மோசமான இடம். அங்கே போகும் சில வண்டிகளின் சக்கரங்கள் இரண்டு தடங்களைத் துடைத்துச் சுத்தமாக வைத்திருக்கும். துடைக்கப்பட்ட சரளை, முள், கண்ணாடித் துண்டு எல்லாம் ஓரத்திலும் நடுவிலும்தான் போய்ச் சேரும். நடுவில் புல்லே முளைத்திருக்கும் சாலைகளும் உண்டு. சக்கரத் தடத்தில் ஓட்டுங்கள். பின்னால் வண்டிச் சத்தம் கேட்டால் நல்ல இடம் பார்த்து ஒதுங்கி வழி விடலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். அடர்ந்த மரநிழலில் மட்டும் கவனம். வெயில் படாத இடத்தில் மழை நின்று பல மணி நேரம் ஆனாலும் ஈரம் காயாது, பாசியும் படிந்திருக்கும். வயலுக்குள் போகும் வாசல்களின் எதிரே டிராக்டர் டயர் உதிர்த்த சேறு கிடக்கும்.

ஹெட்போனைக் கழற்றிவிடுங்கள். இதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. கண் மறைந்த இடத்தில் காதுதான் துணை. அதையும் முழுசாக நம்ப முடியாது. எதிர்காற்று காதில் இரைந்தால் பின்னால் வரும் கார் கேட்காது. மின்சார கார் மெதுவாக வந்தால் பல நேரம் கேட்கவே கேட்காது.

இப்போது டயர். பணம் செலவழிப்பதாக இருந்தால் இதற்குச் செலவழியுங்கள், வேறு எதுவும் வேண்டாம். உங்கள் ஃபிரேமிலும் பிரேக்கிலும் இடம் இருந்தால் 28 மி.மீ., முடிந்தால் 32. டயரின் பக்கவாட்டில் 28-622 என்று போட்டிருக்கும். முதல் எண் அகலம், இரண்டாவது அது உட்காரும் ரிம்மின் விட்டம், இரண்டும் மில்லிமீட்டரில். உங்கள் பழைய டயரிலும் 622 இருந்தால் ரிம் அளவு பொருந்தும். பக்கத்திலேயே ஒரு காற்றழுத்த எண்ணும் இருக்கும். பலர் அதை அப்படியே அடித்துவிடுகிறார்கள். அது உச்ச வரம்பு, அவ்வளவுதான், அந்த அளவுக்கு அடிக்கச் சொல்லவில்லை. நானே வருடக்கணக்கில் 110 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) அடித்துக்கொண்டு கை மரத்துப்போக ஓட்டியவன்தான். வழவழப்பான தளத்தில் கல் போன்ற டயர் நன்றாக உருளும், சரி. கரடான சாலையில் அது ஒவ்வொரு கல்லிலும் சைக்கிளையும் ஆளையும் சேர்த்துத் தூக்கிப் போடுகிறது. முன்னால் போக வேண்டிய சக்தி உடம்பைக் குலுக்குவதில் வீணாகிறது. என் எடை 70 கிலோ. 32 மி.மீ. டயரில் பின்னால் 55, முன்னால் 50 வைக்கிறேன். பின்சக்கரத்தின் மேல்தான் எடை அதிகம், அதனால் அந்த வித்தியாசம். கொக்கி இல்லாத ரிம் (டயரைப் பிடித்துக்கொள்ளும் மடிப்பு விளிம்பில் இல்லாதது) என்றால் 5 பார், அதாவது சுமார் 72 பி.எஸ்.ஐ.க்கு மேல் போகவே கூடாது.

அகலமான டயர் போட்டால் 'ரோடு பைக்' அந்தஸ்து போய்விடும் என்று ஒரு நண்பர் சொன்னார். 1880-களின் கடைசியில் டன்லப் என்பவர் காற்றடைத்த டயரைச் செய்ததே தன் மகனின் மூன்று சக்கர வண்டி கரடான தெருவில் குலுங்காமல் ஓடத்தான். குலுங்குவதற்கென்றே இத்தனை வருடம் அதைக் கல்லாக்கிக்கொண்டிருந்தோம். பந்தய வீரர்கள்கூட 23 மி.மீ.யை விட்டுவிட்டு 28-க்கும் அதற்கு மேலும் போய்விட்டார்கள்.

வேகம் குறைவதில் ஒரு லாபம் இருக்கிறது. காற்றைக் கிழிக்க ஒவ்வொரு நொடியும் செலவாகும் சக்தி வேகத்தின் மும்மடிப்படி (வேகம் × வேகம் × வேகம்) ஏறும். 30-லிருந்து 24-க்கு இறங்கினால் அந்தச் செலவு ஏறக்குறைய பாதியாகிவிடும். அதனால்தான் முன்பு 40 கி.மீ.க்கே சுருண்டுவிடுகிற எனக்கு இப்போது 80 சாதாரணமாக இருக்கிறது. பிரெவே என்கிற, குறித்த நேரத்துக்குள் முடித்தால் போதும் என்கிற தொலைதூர சைக்கிள் ஓட்டங்களில் 200 கி.மீ.க்குத் தரும் நேரம் பதின்மூன்றரை மணி. ஓய்வு, சாப்பாடு, பஞ்சர் எல்லாம் சேர்த்துச் சராசரி 15-கூட வராது. பிரான்ஸில் நடக்கும் பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸ் ஓட்டத்தில் 1200 கி.மீ.க்கு 90 மணி நேரம் தருகிறார்கள். அதிலும் அதே மாதிரிதான், 13 சொச்சம். உங்கள் 28-ஐ யாரும் கேட்கப் போவதில்லை.

நாய் துரத்தினால் நின்றுவிடுங்கள். ஓடுவதைத்தான் அது துரத்துகிறது. இறங்கி, உங்களுக்கும் நாய்க்கும் நடுவில் சைக்கிளை வைத்து நடந்தால் பெரும்பாலும் ஆர்வம் போய்விடும். ஆடு மாடுகள், குதிரை என்றால் தூரத்திலிருந்தே ஏதாவது பேசிக்கொண்டே மெதுவாகப் போங்கள். சத்தமில்லாமல் பின்னால் வந்து திடீரென்று முளைக்கிற சைக்கிள்தான் அவற்றை மிரட்டுகிறது. டிராக்டர்காரருக்கு நம் மணி கேட்காது. அவர் கண்ணில் பட்டுவிட்டோம் என்று தெரிந்த பிறகுதான் முந்த வேண்டும்.

கியரைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். பின்னால் பெரிய பல்சக்கரமாக 32 அல்லது 34 பல் இருந்தால் போதும், சிறு சாலைகளின் செங்குத்து ஏற்றங்களுக்கு உதவும்.

பஞ்சர் வரும். முள்வேலி வெட்டிய வாரம் கட்டாயம் வரும். இரண்டு டியூப், டயர் லீவர், பம்ப், ஒட்டுப்போடும் பொருட்கள் எடுத்துக்கொள்ளுங்கள். நான் ஒரு டியூப் மட்டும் வைத்திருந்த நாளில், டயருக்குள் விரலால் தடவிப் பார்க்காமலேயே புது டியூபை மாட்டினேன். குத்திய முள் உள்ளேயே இருந்தது. ஐந்தே நிமிடத்தில் அதுவும் போய்விட்டது. கிளீட் ஷூவோடு (பெடலில் மாட்டிக்கொள்ள அடியில் கட்டை வைத்த ஷூ) ஏழு கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு நடந்தேன். வழியில் ஒரு மனுஷர் இல்லை. அமைதியான சாலை வேண்டும் என்று கேட்டது நான்தானே!

கடைசியாகப் பாதை. வரைபடத்தில் சாலை என்று கோடு போட்டிருப்பது நேரில் வண்டித்தடமாக முடியலாம். முந்தின இரவே செயற்கைக்கோள் படத்தில் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். போகும்போது எதிர்காற்று, திரும்பும்போது பின்காற்று வருகிற மாதிரி திசையை வைத்துக்கொள்ளுங்கள். முதல் ஞாயிறு 30 கி.மீ. போதும், மீட்டரை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனால் இன்னும் நல்லது.