நன்னாரி சர்பத்தில் வாசனை வரவில்லையா?

கால் கிலோ நன்னாரி வேரை முக்கால் மணி நேரம் கொதிக்கவிட்டும் நிறம்தான் வந்தது, வாசனை இல்லை, வேர் போலியோ என்று கேட்டிருந்தீர்கள். எனக்கென்னவோ தப்பு அடுப்பில்தான் என்று தோன்றுகிறது. அந்த வாசனை ஆவியோடு போய்விடக்கூடியது. கொதிக்கும்போது வீடெல்லாம் மணத்திருக்குமே? அதுதான் உங்கள் சர்பத்!

மிச்சம் இருக்கும் வேரில் ஒன்றை எடுத்து நகத்தால் கீறி முகர்ந்து பாருங்கள். மணந்தால் நல்ல வேர்தான். நன்னாரி மெல்லிய கொடி, வேரும் கம்பி மாதிரி ஒல்லியாக இருக்கும், மேல்தோலில் குறுக்கே வெடிப்பு தெரியும். விரல் தடிமனில் சதைப்பற்றாக இருந்தால் அது மாகாளிக் கிழங்கு. மணம் ஏறக்குறைய ஒன்றுதான், ஆனால் அதை ஊறுகாய்க்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வாசனை பெரும்பாலும் தோலில்தான் இருக்கிறது. கழுவிய வேரை அம்மியில் லேசாகத் தட்டினால் தோல் கழன்றுவரும். நடுவில் உள்ள கட்டைத் தண்டை எறிந்துவிடுங்கள். தோலை மட்டும் கொதித்து இறக்கிய வெந்நீரில் போட்டு இறுக மூடி, இரவு முழுக்க ஊறவிடுங்கள். மறுநாள் சர்க்கரைப் பாகைத் தனியாகக் காய்ச்சி, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறியபின் வடிகட்டிய சாற்றைச் சேருங்கள். அப்புறம் அடுப்புப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். எலுமிச்சையைக் குடிக்கும்போது பிழிந்தால் போதும்.