வலுத்தலும் முற்றுதலும்: சில கேள்விகள், பதில்கள்

‘வலுத்தது’ என்றால் ‘அதிகமானது’ என்பதுதானே?

முழுக்க அப்படி இல்லை. ஏற்கெனவே இருக்கிற ஒன்றின் வேகமோ அழுத்தமோ ஏறுவதுதான் வலுப்பது. மழை, காற்று, சண்டை, எதிர்ப்பு, சந்தேகம் எல்லாம் வலுக்கும். விலை வலுக்காது, ஏறும். கூட்டம் வலுக்காது, கூடும். எண்ணிக்கையைச் சொல்லும் இடத்தில் இந்தச் சொல் ஒட்டாது.

‘சண்டை வலுத்தது’, ‘சண்டை முற்றியது’ இரண்டும் ஒன்றா?

பலர் ஒன்றாகத்தான் எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. முற்றுவது என்பது காய் முற்றுவதுபோல, ஒரு கட்டத்தின் எல்லையை எட்டுவது. வாக்குவாதம் வலுத்தது என்றால் குரல்கள் ஏறிக்கொண்டிருக்கின்றன, இன்னும் சமாதானம் பேசலாம். முற்றியது என்றால் அடுத்தது கைகலப்புதான். ‘வாக்குவாதம் முற்றிக் கைகலப்பானது’ என்று செய்திகளில் வருவது அதனால்தான். நோய்க்கும் ‘முற்றியது’தான் வழக்கம். வலிமை என்னும் பொருள் உள்ளே இருப்பதாலோ என்னவோ, ‘நோய் வலுத்தது’ காதில் இடறுகிறது.

புயல் வலுத்ததா, வலுப்பெற்றதா?

இரண்டும் சரி. வானிலைச் செய்தியில் ‘வலுப்பெற்றது’ நிலைத்துவிட்டது. அங்கே அதற்கு அளவும் உண்டு: காற்றின் வேகம் மணிக்கு 62 கிலோமீட்டரை எட்டினால், ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் புயலாக வலுப்பெற்றதாக இந்திய வானிலை ஆய்வுத் துறை சொல்லும். குறைந்தால் ‘வலுவிழந்தது’. மழைக்கு மட்டும் ‘வலுவிழந்தது’ வேண்டாமே. ‘தணிந்தது’, ‘ஓய்ந்தது’ இருக்கின்றன.

‘கோரிக்கையை வலுத்தார்கள்’ என்று எழுதலாமா?

கூடாது. வலுத்தல் தானாக நடப்பது, செயப்படுபொருள் ஏற்காது. கோரிக்கையை வலியுறுத்துவார்கள், அமைப்பை வலுப்படுத்துவார்கள். அப்புறம் கோரிக்கை வலுக்கும்.

வலிக்கிறது, வலுக்கிறது: இரண்டுக்கும் உறவு உண்டா?

உண்டு. இரண்டுக்கும் வேர் ‘வல்’. வல்லினமும் வல்லவனும் அந்தக் குடும்பம்தான். ‘வினைவலியும் தன்வலியும் மாற்றான் வலியும்’ என்ற குறளில் வலி என்றால் வலிமை. துடுப்பு வலிப்பதில் இழுத்தல் என்னும் பொருள் இன்றும் இருக்கிறது. நோவு என்ற பொருள்தான் இப்போது முன்னால் நிற்கிறது. ஆகவே ‘மழை வலித்தது’ என்று தட்டச்சாகிவிட்டால் மழைக்குத்தான் கை கால் நோவு என்று ஆகிவிடும், பார்த்துக்கொள்ளுங்கள்.

‘மகிழ்ச்சி வலுத்தது’?

சரி, இலக்கணம் தடுக்காது. ஆனால் யாரும் சொல்வதில்லை. மகிழ்ச்சி பெருகும், பொங்கும். வலுப்பதில் எப்போதும் கொஞ்சம் மோதல் வாடை உண்டு.