மலைத்தோட்டத்துக்கு முன்பணம் கொடுக்கும் முன்

கேள்வி: திண்டுக்கல்லில் இருக்கிறோம். ஓய்வுக்குப் பிறகு நானும் மனைவியும் தாண்டிக்குடிப் பக்கம் சின்னதாக ஒரு காபித் தோட்டம் வாங்கி, வீடு கட்டிக் குடியிருக்கலாம் என்று நினைக்கிறோம். தரகர் ஒருவர் 2 ஏக்கர் காட்டினார். அதில் 1 ஏக்கர் 20 சென்ட் பட்டா, மீதி 80 சென்ட் ‘அனுபவம்’ என்கிறார். பட்டா அண்ணன் தம்பி மூன்று பேர் பெயரில் கூட்டாக இருக்கிறது. தார்ச்சாலையிலிருந்து பக்கத்துத் தோட்டத்துக்குள் நடந்துதான் போக வேண்டும். தண்ணீர், மேலே உள்ள ஊற்றிலிருந்து ஹோஸில் வருகிறது. ஊரில் வரி கேட்பார்கள் என்றும் சொல்கிறார்கள். 2 லட்ச ரூபாய் ரொக்கமாக முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: இப்போது கொடுக்காதீர்கள். இடம் நல்ல இடமாகவே இருக்கலாம். ஆனால் நீங்கள் எழுதியதில் பாதையும் தண்ணீரும் இன்னும் அடுத்தவர் கையில்தான் இருக்கின்றன. கீழ்ப்பழனி மலையில் தோட்டம் வாங்கிவிட்டுத் தவிப்பவர்களில் பலர் பத்திரத்தில் ஏமாந்தவர்கள் அல்லர். பாதை இல்லாமலும், சித்திரையில் தண்ணீர் நின்று போயும் தவிப்பவர்கள்.

முதலில் அந்த 80 சென்ட். ‘அனுபவம்’ என்று தரகர் சொல்வது பெரும்பாலும் புறம்போக்குதான். கிராம நிர்வாக அலுவலரிடம் போய் அந்தச் சர்வே எண்ணுக்கு அ-பதிவேட்டில், அதாவது கிராமத்து நிலங்களின் வகையைக் குறித்த பதிவேட்டில், என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். ஓடை, தீர்வை ஏற்பட்ட தரிசு, வனம் என்று எது இருந்தாலும் அதை விற்க யாருக்கும் உரிமை கிடையாது. விற்பவர் ஆதாரமாக பி-மெமோ ரசீதை நீட்டுவார். 1905ஆம் ஆண்டு ஆக்கிரமிப்புச் சட்டப்படி அரசு தண்டம் விதித்த காகிதம் அது. அவர் ஆக்கிரமித்திருக்கிறார் என்பதற்குத்தான் அது சாட்சி. 2-சி பட்டா காட்டினால், அதில் உள்ளது மரத்தின் பலனை அனுபவிக்கும் உரிமை. மண் அரசுடையது. ஆகவே விலை பேசுவது 1 ஏக்கர் 20 சென்ட்டுக்கு மட்டும். மீதியை இருபது ரூபாய் பத்திரத்தில் எழுதித் தருகிறேன் என்றால் அந்தப் பேச்சையே வளர்க்காதீர்கள்.

பட்டா நிலத்திலும் இரண்டு வகையைக் கேட்டுத் தெளிய வேண்டும். பஞ்சமி நிலமாக, அதாவது ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிபந்தனையோடு ஒப்படைத்த நிலமாக இருந்தால், மற்றவர்கள் வாங்குவது செல்லாது. எத்தனை கை மாறியிருந்தாலும் அரசு அதைத் திரும்ப எடுக்கலாம். அந்த மக்களுக்குச் சேர வேண்டிய நிலம் அது, மலிவாகக் கிடைத்தாலும் தொடாதீர்கள். இன்னொன்று பூமிதான நிலம், அதாவது நிலமற்றவர்களுக்காகத் தானமாக வந்த நிலம். இதையும் விற்க முடியாது.

அடுத்து அளவு. 1 ஏக்கர் 20 சென்ட் என்றால் பட்டாவில் ஏறத்தாழ 0.48.50 ஹெக்டேர் என்று இருக்கும். சர்வே அளவு எப்போதும் கிடைமட்ட அளவு. சரிவில் நாடாவைத் தரையோடு போட்டு அளந்தால் கணக்கு கூடும். 30 பாகை சரிவில் மேலிருந்து கீழாக 100 அடி அளந்தால், புலப்படத்தில், அதாவது சர்வே எண்ணுக்கு உரிய அளவு வரைபடத்தில், அது 86.6 அடிதான். இந்தக் கணக்கில் உங்கள் 1 ஏக்கர் 20 சென்ட் நாடாவில் 1 ஏக்கர் 38 சென்ட்டாகத் தெரியும். தரகர் சொல்லும் 2 ஏக்கருக்குள் இந்த 18 சென்ட்டும் ஒளிந்திருக்கலாம். அரசு நில அளவையருக்குக் கட்டணம் கட்டி, புலப்படத்தை வைத்து அளந்து கல் நட்ட பிறகு விலையைப் பேசுங்கள். அளக்கும் நாளில் நான்கு பக்கத்துத் தோட்டக்காரர்களும் நிற்க வேண்டும். அவர்கள் இல்லாத நேரத்தில் நட்ட கல் அடுத்த மழைக்குள் இடம் மாறியிருக்கும்.

மூன்று பேர் பெயரில் பட்டா என்கிறீர்கள். அவர்களுடன் பிறந்த பெண்கள் எத்தனை பேர்? இதைத் தரகரிடம் கேட்காமல் ஊரில் கேளுங்கள். தகப்பனாரின் வாரிசுச் சான்றிதழை வாங்கிப் பாருங்கள். பட்டாவில் பெயர் இல்லாவிட்டாலும் பெண்களுக்குப் பங்கு உண்டு. இறந்துபோனவர் யாராவது இருந்தால் அவருடைய மனைவி, பிள்ளைகளும் கையெழுத்துப் போட வேண்டும். பிள்ளைகளில் மைனர் இருந்தால் வழக்கறிஞரைக் கேட்காமல் ஓர் அடிகூட நகராதீர்கள். வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறை இணையதளத்தில் நீங்களே எடுக்கலாம். இணையத்தில் கிடைக்காத பழைய ஆண்டுகளுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுக் கொடுங்கள். 30 ஆண்டுக்கு மூலப்பத்திரம் தொடர்ச்சியாக வருகிறதா என்று பார்ப்பது நல்லது.

இனி பாதை. புலப்படத்தில் வண்டிப்பாதை குறித்திருக்கிறதா என்று பாருங்கள். குறித்திருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. இல்லையென்றால், நீங்கள் முதலில் போய்ப் பார்க்க வேண்டியவர் தோட்டத்தை விற்பவரல்ல, பக்கத்துத் தோட்டக்காரர். தரகரை விட்டுவிட்டு, நீங்களும் உங்கள் மனைவியும் மட்டும் போங்கள். “அண்ணே, இடத்தை வாங்கலாம்னு இருக்கோம். வண்டி போக வழி விடுவீங்களா?” என்று நேரடியாகக் கேளுங்கள். “நடந்து போங்க, யாரு தடுத்தா?” என்று பதில் வந்தால், வண்டிக்கு வழி இல்லை என்று பொருள். பத்திரத்தில் ‘மாமூல் வழிநடைப் பாத்தியம்’, அதாவது வழக்கமாக நடந்துபோகும் உரிமை, என்று எழுதியிருப்பதை வைத்து ஜீப்பைக் கொண்டுபோக முடியாது. அந்தப் பாதையில் ஒரு மூட்டை சிமென்ட் போவதென்றால் தலைச்சுமையாக, இல்லாவிட்டால் குதிரை மேல்தான் போக வேண்டும். வீட்டுச் செலவு எங்கேயோ போய் நிற்கும்.

பக்கத்துத் தோட்டக்காரரின் நியாயத்தையும் பார்க்க வேண்டும். சாலையிலிருந்து 200 அடி தூரம், 12 அடி அகலம் என்று வைத்துக்கொண்டால் 2,400 சதுர அடி, அதாவது ஐந்தரை சென்ட். ஆறடிக்கு ஆறடி நட்ட தோட்டத்தில் சுமார் 65 காபிச் செடி போய்விடும். நிழல் மரத்தில் ஏறிய மிளகுக் கொடியும் போகும். வளர்ந்த செடிக்கு உரிய விலையைக் கணக்குப் போட்டு நீங்களே முன்வந்து சொன்னால் பேச்சு இறங்கி வரும். அந்த ஐந்தரை சென்ட்டைக் கிரயமாகவே வாங்கி உட்பிரிவு செய்துகொள்வது எல்லாவற்றிலும் பாதுகாப்பு. கிரயம் வேண்டாம் என்று அவர் சொன்னால் பாதை உரிமைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்யுங்கள். சர்வே எண், அகலம் எத்தனை அடி, எங்கிருந்து எதுவரை, எல்லாக் காலத்திலும் வண்டி வாகனம் போகலாம், ஓரமாகத் தண்ணீர்க் குழாயும் மின்கம்பியும் கொண்டுபோகலாம் என்று ஒவ்வொன்றும் அதில் இருக்க வேண்டும். வாய்ப்பேச்சு அவர் காலம்வரை நிற்கும், அவர் மகன் காலத்தில் நிற்காது.

தண்ணீரைச் சித்திரையில் பார்க்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு போனால் எந்த ஊற்றும் நன்றாகத்தான் ஓடும். ஏப்ரல் கடைசி வாரத்தில் போய், ஹோஸ் வாயில் 15 லிட்டர் வாளியை வைத்து நேரம் பாருங்கள். ஒரு நிமிடத்தில் நிறைந்தால், நாள் முழுக்க ஓடினால் 21,600 லிட்டர். வீட்டுக்கும் நாற்றுக்கும் தாராளம். பத்து நிமிடம் ஆனால் 2,160 லிட்டர்தான், வீட்டுக்குப் போதும், தோட்டத்துக்குப் பற்றாது. ஆனால் நாள் முழுக்க உங்களுக்கே ஓடுமா? ஒரே ஊற்றில் நான்கைந்து தோட்டங்கள் முறை வைத்து எடுப்பது வழக்கம். உங்கள் இடத்துக்கு வாரத்தில் எந்த நாள், எத்தனை மணி நேரம் என்று மற்றவர்களிடம் கேட்டு, அதையே கிரயப் பத்திரத்தின் சொத்து விவரத்தில் எழுதச் சொல்லுங்கள். ஊற்று யார் நிலத்தில் இருக்கிறது என்பதும் முக்கியம். காப்புக்காட்டுக்குள் இருந்தால் வனத்துறை அனுமதி இல்லாமல் போட்ட குழாயை எந்த நாளும் எடுத்துவிடலாம். குழாய் மேடேறி இறங்கும் இடங்களையும் கவனியுங்கள். அந்த மேட்டில் காற்று அடைத்துக்கொண்டு, மேலே தண்ணீர் இருந்தும் கீழே வராமல் போகும். உச்சியில் ஒரு காற்றுப்போக்கி வால்வு வைத்தால் சரியாகும்.

வீட்டைப் பொறுத்தவரை, மரத்தை வெட்டிவிட்டு அனுமதி கேட்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் 1955 முதல் இருக்கிறது. பட்டா நிலத்து மரமானாலும் மாவட்டக் குழுவின் அனுமதி வேண்டும். பொக்லைன் வைத்துச் சரிவை வெட்டவும் அனுமதி தேவை. மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தின் கட்டுப்பாட்டில் அந்தக் கிராமம் வருகிறதா என்று நகர் ஊரமைப்பு அலுவலகத்தில் கேட்டுவிட்டு வரைபடம் போடுங்கள். சரிவை ஆழமாக வெட்டிச் சமதளமாக்கிய இடத்தில், வெட்டிய மண்ணைப் பள்ளத்துப் பக்கம் தள்ளி அதன்மேல் சுவர் எழுப்பினால், முதல் பெருமழையிலேயே விரிசல் விடும். வீடு வெட்டிய பக்கத்தின் கெட்டித் தரையில் நிற்க வேண்டும்.

ஊர் வரியைப் பற்றி நீங்கள் பயப்படத் தேவையில்லை. அது தலைக்கட்டுக்கு, அதாவது குடும்பத்துக்கு, இவ்வளவு என்று கோவில் திருவிழாவுக்குப் போடுவது. சட்டப்படி கட்டாயம் கிடையாது. ஆனாலும் குடியிருக்கப் போகிறவர்கள் என்றால் கொடுத்து, ரசீதோ நோட்டில் வரவோ வைத்துக்கொள்ளுங்கள். ஊராட்சி வரி வேறு, அதைத் தனியாகக் கட்ட வேண்டும். மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 போன்ற நாட்களில் கிராமசபை கூடும். தண்ணீர், தெருவிளக்கு, குப்பை எல்லாம் பேசுவது அங்கேதான். ஊரார் உங்களை எடைபோடுவது காபிப் பழம் எடுக்கும் நேரத்தில் நீங்கள் கூலியை எப்படிக் கொடுக்கிறீர்கள் என்பதில். ஊரில் நடக்கும் கூலியைக் குறைக்கவும் வேண்டாம், இரண்டு மடங்காக ஏற்றிப் பக்கத்துத் தோட்டத்து ஆட்களை இழுக்கவும் வேண்டாம்.

யானையும் காட்டெருமையும் வரும் பகுதி அது. பலாவும் வாழையும் பழுக்கும் காலத்தில் கட்டாயம் வரும். வீட்டு மின்சாரத்தை வேலியில் இழுத்துவிடுவது குற்றம், கொலைக்குச் சமம். சோலார் வேலி போட 2023ஆம் ஆண்டு விதிகளின்படி வனத்துறையில் பதிவு செய்ய வேண்டும். பலாப்பழத்தைப் பழுக்க விடாமல் காயாகவே இறக்கிவிடுவது, வேலியைவிடப் பலன் தரும்.

இவை எல்லாம் சரியாக வந்தால் மட்டும் முன்பணம். 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாகக் கைமாறக் கூடாது. வங்கி வழியாகக் கொடுத்து, கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்யுங்கள். கிரயத்தில் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். சொத்து மதிப்பு 10 லட்சத்துக்குள் இருந்து உங்கள் மனைவி பெயரில் வாங்கினால், பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறையும். தோட்டத்து மண்ணைக் காபி வாரியத்தின் வட்டார ஆராய்ச்சி நிலையத்தில் காட்டுங்கள், அது தாண்டிக்குடியிலேயே இருக்கிறது. தரகர் அவசரப்படுத்தினால் ஏப்ரல் கடைசிவரை பொறுக்கச் சொல்லுங்கள். வாளியைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள்.